மோட்டார் ஹோமுக்கு முழு பெயின்டா, ஸ்டிக்கரா? செலவுக்கு முன் பார்க்க வேண்டியது பதிவுச் சான்றிதழை!

பிம்ப்ரி (புனே): வேனை நடமாடும் வீடாக மாற்றுவோர் படுக்கை, சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி, மின்கலம் ஆகியவற்றுக்காக மாதக்கணக்கில் யோசிக்கின்றனர். வெளிப்புறத் தோற்றமோ பெரும்பாலும் கடைசி வாரத்தில்தான் முடிவாகிறது. வாகனம் முழுவதற்கும் பெயின்ட் அடிப்பதா, வெள்ளை நிறத்தை அப்படியே விட்டு வினைல் ஸ்டிக்கர் ஒட்டுவதா என்ற அந்த முடிவு, அழகோடு நிற்பதில்லை. பதிவுச் சான்றிதழ், கோடையில் உள்ளே நிலவும் வெப்பம், பின்னாளில் கிடைக்கும் மறுவிற்பனை விலை ஆகிய மூன்றையும் அது பாதிக்கிறது.

இந்தக் கேள்விக்கு பிம்ப்ரி-சிஞ்ச்வட் பொருத்தமான இடம். டாடா மோட்டார்ஸ் ஆலை இங்கு உள்ளது. மோட்டார் ஹோம்களுக்கு அடித்தளமாகப் பரவலாகப் பயன்படும் டிராவலர் வேனைத் தயாரிக்கும் போர்ஸ் மோட்டார்ஸின் தலைமையகம் அருகிலுள்ள அகுர்டியில் இருக்கிறது. வாகனச் சோதனை அமைப்புகளில் ஒன்றான மத்திய சாலைப் போக்குவரத்து நிறுவனம் போசரியிலும், இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கமான ஏஆர்ஏஐ புனே நகரிலும் இயங்குகின்றன. மகாராஷ்டிர அரசு 2021-ஆம் ஆண்டு கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது.

தரமான முழு பெயின்டில் உழைப்பின் பெரும்பகுதி நிறம் பூசுவதற்கு முன்பே செலவாகிறது. பழைய மேற்பரப்பைத் தேய்த்து, நெளிவுகளுக்குப் பட்டி வைத்து, பிரைமர் அடித்து, அதன் மேல் நிறப் பூச்சும் கடைசியாக கிளியர் கோட்டும் ஏற்றப்படும். இன்று பரவலாகப் பயன்படும் இரு பகுதி பாலியூரிதேன் பெயின்டின் கடினமாக்கி, ஈரப்பதத்துடன் வினைபுரியும் தன்மை கொண்டது. எனவே ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான பருவமழைக் காலத்தில், மூடிய பூத் இல்லாத கொட்டகையில் அடிக்கப்படும் பெயின்டில் கொப்புளங்களும் மங்கலும் தோன்ற வாய்ப்பு அதிகம். வேலையைக் குளிர்காலத்துக்குத் தள்ளி வைப்பது காலதாமதம் அல்ல, மலிவான காப்பீடு.

ஸ்டிக்கர் விஷயத்தில் இரு வகை வினைலுக்கும் உள்ள வேறுபாட்டை அறிவது அவசியம். உருளைகளுக்கு இடையே அழுத்தி இழுத்துத் தயாரிக்கப்படுவது கேலண்டர் வினைல். இது வெயிலில் மெல்லச் சுருங்கி, ஓரங்களில் பசைக் கோட்டை வெளிக்காட்டும். திரவமாக ஊற்றி உலர வைக்கப்படுவது காஸ்ட் வினைல். சுமார் 50 மைக்ரான் தடிமனே கொண்ட இது வளைவுகளில் படிந்து நிற்கும், சுருக்கமும் குறைவு. விலை அதிகம் என்பதால், மதிப்பீட்டுத் தாளில் ‘வினைல்’ என்று மட்டும் எழுதியிருந்தால் எது என்று கேட்டே ஆக வேண்டும்.

நல்ல காஸ்ட் வினைலும் நிரந்தரமானதல்ல. பக்கவாட்டுச் சுவர்களில் ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும் ஸ்டிக்கர், நேரடி வெயில் விழும் கூரையிலும் பானெட்டிலும் அதற்கு முன்பே வெடிக்கத் தொடங்கும். அதை உரித்தெடுப்பது தனி வேலை. வெப்பக் காற்றால் மெல்ல இளக்கி, எஞ்சிய பசையைத் துடைக்க வேண்டும். அப்போது மற்றொரு சிக்கல் வெளிப்படும். ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த நிறம் வெயில் படாமல் புதிதாகவே இருக்க, சுற்றியுள்ள பகுதி மங்கியிருக்கும். பழைய வடிவம் நிழலாகத் தெரியும். இலேசான நிழல் பாலிஷில் மறையும், ஆழமானது மறையாது. ஸ்டிக்கரைத் தேர்ந்தவர் இறுதியில் பெயின்டுக்கே வந்து சேருவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

வெப்பம் குறித்து விவாதத்துக்கு இடமில்லை. அடர் நிறங்கள் சூரிய ஆற்றலின் பெரும்பகுதியை உறிஞ்சுகின்றன; வெள்ளை அதில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. புனேயில் ஏப்ரல், மே மாதங்களில் வெப்பநிலை 40 டிகிரியைத் தொடும்போது, மின்கலத்தில் இயங்கும் குளிர்சாதனத்துக்கு இந்த வேறுபாடு பெரும் சுமை. கண்ணாடியிழைப் பலகைகளால் ஆன பாடியில் அடர் நிறம் பலகை அடுக்குகளின் ஒட்டுதலையும் சோதிக்கும். நிறம் எதுவாயினும் கூரையை வெள்ளையாக விடுவதே சரி.

சட்டத்தில் தடுக்கி விழுவோர் அதிகம். வாகனத்தின் நிறம் பதிவுச் சான்றிதழில் இடம்பெறும் விவரம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-வது பிரிவு, சான்றிதழிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடை செய்கிறது. ஆகவே நிறத்தை மாற்றுவோர் பட்டறைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், தங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி பெற்று, சான்றிதழில் புதிய நிறத்தைப் பதிவு செய்துகொள்வது பாதுகாப்பானது. பிம்ப்ரி-சிஞ்ச்வடில் இது எம்எச்-14 அலுவலகம். அடிப்படை நிறம் தெரியும்படி ஒட்டப்படும் பட்டைகளும் ஓவியங்களும் இந்தச் சிக்கலைத் தவிர்க்கின்றன. முழுவதையும் மூடும் ‘ராப்’ அப்படியல்ல. சாலையில் நிறுத்தும் அதிகாரி காண்பது நிறத்தைத்தான், அதன் அடியில் இருப்பதை அல்ல.

ஒரு நிறத்தை மறந்துவிடுவதே நல்லது. காட்டுப் பயணப் பிரியர்கள் விரும்பும் ஆலிவ் பச்சை, மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 121-வது விதிப்படி பாதுகாப்புத் துறை வாகனங்களுக்கே உரியது. விதி ‘பூசுதல்’ பற்றித்தானே கூறுகிறது, இது ஸ்டிக்கர் என்று சோதனைச் சாவடியில் வாதிடுவது துணிச்சலான செயல்.

உள்கட்டமைப்பை மாற்றி கேரவனாகப் பதிவு செய்ய, மோட்டார் கேரவன்களுக்கான ஏஐஎஸ்-124 தரநிலை பொருந்தும். அந்த ஆவணப் பணியின்போதே நிறத்தையும் சேர்த்து முடிவு செய்தால், அலுவலகத்துக்கு இரண்டாவது முறை அலைய வேண்டியதில்லை.

பழுதுபார்ப்பில் இரண்டுக்கும் தனித்தனிச் சிரமம் உண்டு. தாம்ஹிணி போன்ற குறுகிய மலைப்பாதையில் ஒரு பக்கம் உராய்ந்தால், பல நிறப் பெயின்டில் அந்தப் பலகையை மட்டும் பூசிப் பழைய நிறத்துடன் கலக்கச் செய்வது தேர்ந்த கைக்கே சாத்தியம். ஸ்டிக்கரில் கிழிந்த துண்டை மட்டும் மாற்றலாம், ஆனால் வடிவமைப்புக் கோப்பு கையில் இருக்க வேண்டும். கடை மூடப்பட்டால் அதுவும் போய்விடும். எனவே வாகனத்தைப் பெறும் நாளிலேயே பெயின்டின் நிறக் குறியீட்டையோ, ஸ்டிக்கரின் அச்சுக் கோப்பையும் வினைல் வகையின் பெயரையுமோ எழுத்துப்பூர்வமாக வாங்கி, பதிவுச் சான்றிதழின் நகலுடன் வைத்துக்கொள்ள வேண்டும்.