யோசேப்பு ரப்பான்

யோசேப்பு ரப்பான் கி.பி. 1000ஆம் ஆண்டளவில் சேர நாட்டின் கொடுங்கல்லூர்ப் பகுதியில் வாழ்ந்தவர். சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மனிடமிருந்து சிறப்புரிமைகளைப் பெற்றவர். கொச்சி யூதர்கள் இவரைத் தம் முன்னோர்களின் தலைவராகப் போற்றுகின்றனர். இவரைப் பற்றி இவர் காலத்திலேயே எழுதப்பட்ட சான்றாக அறியப்படுவது ஒரு செப்பேடு மட்டுமே. ஏமன் நாட்டிலிருந்து வந்தவர், யூத அரசர், கி.பி. 379இல் பட்டயம் பெற்றவர் என்பன போன்ற செய்திகள் பிற்கால மரபிலிருந்து வந்தவை. ஆகவே இவருடைய வாழ்க்கை வரலாறு, ஒரு வரலாற்று மாந்தரின் அடையாளத்தைச் சான்றுகளைக் கொண்டு எவ்வாறு சரிபார்ப்பது என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டாக விளங்குகிறது.

செப்பேடு

இச்செப்பேடு கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட பரதேசி யூதத் தொழுகைக்கூடத்தில் பாதுகாக்கப்பட்டு வந்துள்ளது. இது வட்டெழுத்தில், இடையிடையே கிரந்த எழுத்துகள் கலந்து எழுதப்பட்டது. மலையாளம் தனிமொழியாகப் பிரிந்து வந்த காலத்தைச் சேர்ந்ததாதலால் இதன் மொழியைத் தமிழ் அறிந்தோர் பெருமளவு புரிந்துகொள்ள முடியும். செருமானியக் கல்வெட்டறிஞர் ஊல்ட்சு இதனை 'எபிகிராபியா இண்டிகா' மூன்றாம் தொகுதியில் பதிப்பித்தார்.

மன்னன் முயிரிக்கோட்டில் தங்கியிருந்தபோது 'இஸ்ஸுப்பு இறப்பான்' என்பவருக்கு அஞ்சுவண்ணத்தையும் எழுபத்திரண்டு உரிமைகளையும் அளித்ததாகச் செப்பேடு கூறுகிறது. பகலில் விளக்கு ஏந்துதல், நடக்கும் வழியில் துணி விரித்தல், பல்லக்கு, குடை, பறை, எக்காளம், தோரணம் ஆகியவை இவ்வுரிமைகளுள் அடங்கும். சுங்கமும் நிறைகூலியும் அவருக்கு விலக்கப்பட்டன. உரிமைகள் அவருடைய ஆண்மக்கள், பெண்மக்கள், மருமக்கள் ஆகியோருக்கும் உரியவை என்று எழுதப்பட்டுள்ளது. வேணாடு, ஏறநாடு, வள்ளுவநாடு முதலிய நாடுகளின் தலைவர்கள் சாட்சிகளாகக் குறிக்கப்படுகின்றனர்.

காலத்தைச் சரிபார்த்தல்

மரபுச் செய்தி செப்பேட்டின் காலத்தை கி.பி. 379 என்கிறது. செப்பேட்டில் இந்த ஆண்டு இல்லை. அதில் ஆட்சியாண்டு மட்டுமே உள்ளது. அது 'இரண்டாம் ஆண்டுக்கு எதிர் முப்பத்தாறாம் ஆண்டு' எனக் குறிக்கப்படுகிறது. இவ்விரண்டையும் கூட்டினால் முப்பத்தெட்டாம் ஆட்சியாண்டு கிடைக்கும். வரலாற்றாசிரியர் எம். ஜி. எஸ். நாராயணன் பாஸ்கர ரவிவர்மனின் பிற கல்வெட்டுகளை ஒப்பிட்டு அவனுடைய ஆட்சித் தொடக்கத்தைக் கி.பி. 962 எனக் கணித்தார். அதன்படி செப்பேடு கி.பி. 1000ஐச் சேர்ந்ததாகிறது.

எழுத்தமைதியும் இம்முடிவுக்குத் துணைநிற்கிறது. சிவகங்கை மாவட்டப் பூலாங்குறிச்சிக் கல்வெட்டு ஏறத்தாழ ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. அதில் தமிழ்ப் பிராமி வட்டெழுத்தாக மாறிவரும் நிலையே காணப்படுகிறது. செப்பேட்டில் உள்ள முழு வளர்ச்சியடைந்த வட்டெழுத்து நான்காம் நூற்றாண்டில் வழங்கியிருக்க இயலாது.

யூதர் என்னும் அடையாளம்

செப்பேட்டில் 'யூதர்' என்னும் சொல் இல்லை. எபிரேய எழுத்தும் இல்லை. யோசேப்பு என்னும் பெயர் யூதர், கிறித்தவர், இசுலாமியர் ஆகிய மூவரிடமும் பல்வேறு வடிவங்களில் வழங்குவது. 'எம் ஆசான்' எனப் பொருள்படும் 'ரப்பான்' என்பது அரமேய மொழிச் சொல். சிரியக் கிறித்தவத் துறவிகளும் இப்பட்டத்தைக் கொண்டிருந்தனர். எனவே பெயரை மட்டும் கொண்டு ஒருவரின் சமயத்தை முடிவுசெய்ய இயலாது.

ஆயினும் இவர் யூதர் என்பதை ஆய்வாளர்கள் ஏற்றுக்கொள்கின்றனர். செப்பேடு யூதர்களின் காப்பிலேயே இருந்து வந்ததும், அவர்களுடைய மரபு இவரைத் தொடர்ந்து நினைவுகூர்ந்ததும் இதற்குக் காரணங்கள். அக்கரையில் யூத வணிகர் இருந்தனர் என்பதற்குத் தனிச் சான்றும் உண்டு. கி.பி. 849ஆம் ஆண்டின் கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் அரபு, பகலவி எழுத்துகளோடு எபிரேய எழுத்திலும் சாட்சிக் கையொப்பங்கள் உள்ளன. இவை அனைத்தும் சேர்ந்தே இம்முடிவுக்கு வலுவளிக்கின்றன.

அரசர் என்னும் கூற்று

பிற்கால நூல்கள் பல இவரைக் கொடுங்கல்லூரின் யூத அரசர் என்கின்றன. 'அஞ்சுவண்ணம்' என்பதை ஒரு சிற்றரசாகவோ ஊராகவோ பொருள்கொண்டதே இதற்கு அடிப்படை. ஆனால் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் அஞ்சுவண்ணம் மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுவுடன் இணைத்துக் கூறப்படுகிறது. தமிழகக் கடற்கரைக் கல்வெட்டுகளிலும் இச்சொல் வணிகக் குழுக்களின் வரிசையில் வருகிறது. இவற்றைத் தொகுத்து ஆராய்ந்த எ. சுப்பராயலு, அஞ்சுவண்ணம் மேற்காசிய வணிகர்களின் குழு என்று நிறுவினார். பல்லக்கும் குடையும் அரச சின்னங்களாகத் தோன்றினாலும், மன்னன் பிறருக்கு வழங்கிய சிறப்புகளே அவை. ஆகவே இவரை ஒரு வணிகக் குழுவின் தலைவராகக் கொள்வதே பொருத்தமானது.

வழித்தோன்றல் உரிமையும் சமூகப் பிளவும்

இச்செப்பேட்டைப் பற்றிய விவாதம் அறிஞர்களோடு நின்றுவிடவில்லை. 16ஆம் நூற்றாண்டு முதல் ஐபீரியா முதலிய இடங்களிலிருந்து வந்து குடியேறியோரின் பரதேசிச் சமூகமும், பழங்குடிகளான மலபார் யூதர்களும் ரப்பானின் மரபுக்கு உரிமை கோரினர். மலபார் யூதர்கள் அடிமைகளின் வழிவந்தோர் என்னும் கூற்று ஐரோப்பியப் பயண நூல்களில் இடம்பெற்றது. ஆம்சுடர்டாமிலிருந்து 1686இல் கொச்சிக்கு வந்த மோசே பெரைரா தெ பைவாவின் அறிக்கை இவற்றுள் குறிப்பிடத்தக்கது. அதற்கு முன்பே, 16ஆம் நூற்றாண்டில், இச்சிக்கல் கெய்ரோவிலிருந்த யூத சமய அறிஞர் தாவீது இபின் சிம்ராவிடம் சென்றது. உரிய சடங்குக்குப்பின் இரு தரப்பாரும் மணவுறவு கொள்ளலாம் என்று அவர் விடையளித்தார். எனினும் பிரிவினை நீங்கவில்லை.

விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தோர் எனப்பட்ட பிரிவினருக்குப் பரதேசித் தொழுகைக்கூடத்தில் சம உரிமை மறுக்கப்பட்டது. அப்பிரிவில் பிறந்த வழக்கறிஞர் ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967) இதனை எதிர்த்து அங்கேயே சத்தியாகிரகம் நடத்தினார். செப்பேடோ உரிமைகளை மக்களுக்கும் மருமக்களுக்கும் அளிக்கிறதேயன்றி, நிறத்தையோ குடியேறிய ஊரையோ குறிக்கவில்லை. ஓர் ஆவணத்தைக் காத்து வைத்திருப்பது வேறு. அதைப் பெற்றவரின் வழித்தோன்றலாக இருப்பது வேறு.

ஒப்பிடத்தக்க எடுத்துக்காட்டுகள்

கோவா: போர்த்துக்கீசிய மருத்துவர் கார்சியா தா ஓர்த்தா 1563இல் கோவாவில் மருந்துப்பொருள்கள் பற்றிய நூலை வெளியிட்டார். அந்நூலில் தம்மை யூதர் என அவர் கூறவில்லை. அவர் 1568இல் இறந்தார். அடுத்த ஆண்டு அவருடைய சகோதரி கத்தரீனா சமய விசாரணை மன்றத்தால் எரிக்கப்பட்டார். 1580இல் ஓர்த்தாவின் எலும்புகளும் தோண்டியெடுத்து எரிக்கப்பட்டன. அவருடைய குடும்பம் கட்டாய மதமாற்றத்துக்கு உள்ளான யூதக் குடும்பம் என்பது உறுதி. ஆனால் அவர் மறைவாக யூத சமயத்தைப் பின்பற்றினார் என்பதற்கான சான்று விசாரணை மன்றப் பதிவுகளிலேயே உள்ளது. அச்சுறுத்தலின்கீழ் பெறப்பட்ட வாக்குமூலம் என்பதை நினைவில் கொண்டே அதனைப் பயன்படுத்த வேண்டும்.

புகழூர்: பெயரைக் கொண்டு ஆளை அடையாளம் காணும் சிக்கல் யூதர் வரலாற்றுக்கு மட்டும் உரியதன்று. நாமக்கல் மாவட்டம் மோகனூருக்கு மேற்கே, காவிரியின் தென்கரையில் உள்ள புகழூரில், ஆறுநாட்டார் மலையில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் உள்ளன. கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ என மூன்று தலைமுறைச் சேரர் அவற்றில் குறிக்கப்படுகின்றனர். இவர்களைப் பதிற்றுப்பத்தின் சேர மன்னர்களோடு பொருத்திக் காட்டுவோர், ஒரு பெயரின் ஒற்றுமையை விட மூன்று தலைமுறைகளின் வரிசை ஒத்துவருவதையே முதன்மையாகக் கொள்கின்றனர்.

சான்றுகளின் தரம்

ரப்பானைப் பற்றிய செய்திகளை மூன்றாகப் பகுக்கலாம்.

நேரடிச் சான்று உடையவை: இவருடைய பெயர், மன்னனின் பெயர், அளிக்கப்பட்ட உரிமைகள், ஆட்சியாண்டு.

ஒப்பீட்டால் பெறப்படுபவை: கி.பி. 1000 என்னும் காலம், யூதர் என்னும் அடையாளம், வணிகக் குழுத் தலைமை.

மரபுச் செய்திகள்: ஏமன் நாட்டுப் பிறப்பு, அரச பதவி, கி.பி. 379 என்னும் காலம்.

இச்செப்பேட்டின் படியொன்றை இந்தியத் தலைமை அமைச்சர் நரேந்திர மோதி 2017 சூலையில் இசுரேல் தலைமை அமைச்சருக்குப் பரிசளித்தார். அதன்பின் இவரைப் பற்றிய குறிப்புகள் செய்தித்தாள்களில் பரவலாக வெளிவந்தன. ஒரு கூற்று பல இடங்களில் காணப்படினும், அவை யாவும் ஒரே மூலத்திலிருந்து எடுக்கப்பட்டவையாயின் அதனை ஒரு சான்றாகவே கொள்ளவேண்டும்.