தரை ஏன் வெடிக்கிறது?

புது வீட்டுக்குக் குடிபோய் சில வருடங்கள் ஆகியிருக்கும். ஒரு ராத்திரி ஹாலில் பட்டாசு வெடித்த மாதிரி சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தால் அடுத்தடுத்த இரண்டு டைல்ஸ் தரையை விட்டுக் கிளம்பி, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. விடிந்ததும் வீட்டுக்காரர் முதலில் போன் போடுவது டைல்ஸ் ஒட்டிய மேஸ்திரிக்குத்தான். அந்தக் கோபத்தில் பாதி நியாயம் உண்டு. மீதிப் பாதி, கட்டடத்தின் கைவரிசை.

காங்கிரீட் போட்டது போட்டபடி கிடக்கும் என்று நினைக்கிறோம். கிடக்காது. கலவையில் ஊற்றிய தண்ணீரில் சிமென்ட் எடுத்துக்கொண்டது போக மிச்சம் வருடக்கணக்கில் கசிந்து ஆவியாகும். அதற்கேற்பத் தளம் சுருங்கும். ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரநிலை இதற்குத் தரும் தோராய அளவு 0.0003. பத்து மீட்டர் நீளத் தளம் என்றால் 3 மில்லிமீட்டர். மேலே கிடக்கும் விட்ரிஃபைடு டைலோ 1,200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் வெந்து வந்த சரக்கு. அது இனிச் சுருங்காது. கீழே இடம் குறையக் குறைய மேலே டைல்ஸ் ஒன்றையொன்று நெருக்குகின்றன. பிடிமானம் எங்கே பலவீனமோ அங்கே பிய்த்துக்கொண்டு கிளம்புகின்றன.

வெறும் 3 மில்லிமீட்டருக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? பள்ளிக்கூடத்துப் பிதாகரஸே பதில் சொல்லிவிடுவார். இரண்டடி டைல், அதாவது 600 மி.மீ. டைல், இரண்டு பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன, மொத்தம் 1,200. அவற்றுக்கான இடம் 1,197 ஆகிவிட்டது. கர்ணம் 600, அடிப்பக்கம் 598.5. செங்குத்தைப் போட்டுப் பாருங்கள்: 42 மி.மீ.! ஒரே ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலும் 24 மி.மீ. எழும்பும். வரிசையின் நெருக்கம் மொத்தமும் ஒரே இடத்தில் அவிழ்வதாக வைத்துப் போட்ட கணக்கு இது. நிஜத்தில் கொஞ்சம் குறையலாம். ஆனாலும் கண்ணுக்குப் புலப்படாத சுருக்கம் கால் தடுக்கும் உயரமாக மாறுவது இப்படித்தான்.

மருந்து சுலபம்: இடைவெளி. டைலுக்கு டைல் ஸ்பேசர் வைத்து 2, 3 மி.மீ. விட வேண்டும். சுவரோரம் இன்னும் கொஞ்சம் விட்டால் ஸ்கர்டிங் அதை மறைத்துவிடும். பெரிய ஹாலில் நடுவே ஒரு கோட்டில் கிரவுட்டுக்குப் பதிலாக சிலிக்கோன் போன்ற இழுபடும் பொருளை அடைக்க வேண்டும். வீட்டுக்காரர் கேட்பதோ நேர் எதிர். “ஜாயின்ட்டே தெரியக்கூடாது மேஸ்திரி, ஒரே கண்ணாடி மாதிரி இருக்கணும்.” “கொஞ்சம் கேப் விட்டாத்தான் சார் நிக்கும்” என்று சொல்லிப் பார்ப்பவர் உண்டு. காசு கொடுப்பவர் சொல்தான் கடைசியில் எடுபடும்.

பிடிமானத்துக்கு வருவோம். பழைய சுவர் டைல்ஸை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு ஒட்டுவார்கள். அவை தம் எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கும் ரகம். சிமென்ட் பால் அந்த நுண்துளைகளுக்குள் புகுந்து இறுகிப் பிடித்துக்கொள்ளும். விட்ரிஃபைடு குடிப்பது அரை சதவீதத்துக்குள். வேர்விட அதில் துளையே இல்லை. அதனால்தான் பாலிமர் கலந்த ஒட்டுப்பசை வந்தது. பசையைப் பல்வைத்த கரண்டியால் ஒரே திசையில் வரிவரியாக இழுப்பது, அழுத்தும்போது காற்று வெளியேற வழி வேண்டும் என்பதற்காக. நாலு மூலையிலும் நடுவிலும் உருண்டை வைத்து அமுக்கினால் வேலை சீக்கிரம் முடியும், இடையில் பொக்கும் நிற்கும்.

அந்தப் பொக்கைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம், காது போதும். நன்றாகப் பிடித்த டைலைத் தட்டினால் தளம் முழுக்க அதனோடு சேர்ந்து கனக்கிறது. சத்தம் ‘டக்’கென்று அடங்கும். அடியில் காற்று இருந்தால் டைல் மட்டும் தனியாக மத்தளத் தோல் போல அதிர்ந்து, தணிந்த குரலில் ‘டொக்’ என்னும்.

தரையின் கதை இது. ஒட்டுகிறவர் உடம்பின் கதை வேறு. இரண்டடி டைல் ஒன்று ஏழெட்டுக் கிலோ, நாலு போட்ட பெட்டி முப்பது கிலோவை நெருங்கும். பல கட்டடங்களில் லிஃப்ட் ஓடுவதற்கு முன்பே டைல்ஸ் வந்துவிடும், மாடிப்படிதான் வழி. பிறகு நாள் முழுக்கக் குத்தவைத்தும் மண்டியிட்டும் வேலை. தரை போடுகிறவர்களின் முழங்கால் மூட்டுத் தேய்மானத்தைப் பிரிட்டன் 2012-இல் தொழில் நோய்ப் பட்டியலில் சேர்த்தது.

அதைவிட மோசம் தூசி. உலர்ந்த டைலைக் கட்டரில் அறுக்கும்போது எழும் வெள்ளைப் புகையில் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் மூக்கோடு நின்றுவிடும். நுரையீரல் ஆழம் வரை போவது ஒரு சில மைக்ரோமீட்டர் அளவே உள்ள சிலிக்கா; தலைமுடியின் தடிமன் 70 மைக்ரோமீட்டர் அளவில் என்றால் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்கா 2016-இல் வகுத்த வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம். எட்டு மணி நேர வேலையில் ஒருவர் சுமார் 10 கன மீட்டர் காற்றை இழுக்கிறார். ஆக, நாளெல்லாம் சேர்ந்து அரை மில்லிகிராம்தான் எல்லை! சிலிக்கோசிஸ் வந்தபின் குணப்படுத்த வழியில்லை. மூக்கில் கட்டும் துண்டு இதைத் தடுக்காது. தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி பெருமளவு அடங்கும். ஆனால் சேறாகும், நேரமாகும். கூலியோ சதுர அடிக் கணக்கு.

கைக்கு வரும் வினை சிமென்ட்டில் இருக்கிறது. அதன் காரம் தோலை அரிக்கும். அதிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியம் ஒவ்வாமையைக் கிளப்பும். ஒருமுறை ஒட்டிக்கொண்டால் அந்த ஒவ்வாமை பொதுவாக ஆயுளுக்கும் போகாது. டென்மார்க் 1983-இலும் ஐரோப்பிய ஒன்றியம் 2005-இலும் கரையக்கூடிய அந்தக் குரோமியத்துக்குப் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு என்று வரம்பு வைத்தன. அதற்காக ஆலைகள் சிமென்ட்டில் கலக்கும் பொருள்களில் ஒன்று ஃபெரஸ் சல்ஃபேட். அது குரோமியத்தைத் தோலுக்குள் எளிதில் புகாத மூன்று இணைதிறன் வடிவுக்கு மாற்றிவிடுகிறது. ரத்தசோகைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கிறார்களே இரும்புச் சத்து மாத்திரை, அதிலும் இருப்பது இதே உப்புதான்.