காப்புக் காட்டுக் கடுக்காய்

கைக்குழந்தை உள்ள வீட்டில் உரை மருந்து டப்பா ஒன்று இருக்கும். சுக்கு, வசம்பு, மாசிக்காய், ஜாதிக்காயோடு கடுக்காயும் அதில் உண்டு. (ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான் என்று டாக்டர்கள் சொல்வதால் இப்போது உரைகல்லுக்கு வேலை குறைந்துவிட்டது. அதுவும் நல்லதுதான்.) ஆனால் அந்தக் கடுக்காய் எங்கிருந்து வருகிறது, யோசித்ததுண்டா?

எங்கள் கள்ளக்குறிச்சிக்காரர்களைக் கேட்டால் மேற்கே கையைக் காட்டுவோம். கல்வராயன் மலைதான்! கோமுகி ஆறும் அங்கேதான் பிறக்கிறது. அந்தக் காடு இருப்பதால்தான் கச்சிராயப்பாளையம் பக்கத்து அணையில் தண்ணீர், கீழே எங்கள் வயலில் நெல்.

மலையில் நிறைய இடம் காப்புக் காடு, சர்க்கார் நிலம். கடுக்காய் மரத்தை யாரும் நட்டு வளர்ப்பதில்லை. தை, மாசி வாக்கில் காயைச் சேகரித்து உலர்த்தி விற்பது மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள், இவர்கள் தமிழ் பேசும் மலைவாசிகள். 1976 வரை இந்த மலை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. அந்த வருஷம்தான் அரசு எடுத்துக்கொண்டது.

"காப்புக் காட்டில் காய் பொறுக்கினால் குற்றமில்லையா?" என்று கேட்கத் தோன்றும். மரத்தை வெட்டினால் குற்றம்தான். ஆனால் 2006-ல் வந்த வன உரிமைச் சட்டப்படி கடுக்காய், தேன், புளி போன்ற சிறு வன மகசூல் அங்கே காலங்காலமாகச் சேகரித்து வந்த பழங்குடியினருக்கே சொந்தம். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தில் உழுது பிழைத்தவர்களுக்கு அந்த நிலத்துக்கும் உரிமை உண்டு.

எனக்குப் பிடித்தது இதுதான்: கல்யாணமானவர் என்றால் பத்திரம் புருஷன், பெண்டாட்டி இருவர் பேரிலும் இருக்க வேண்டும். அந்த நிலத்தை விற்கவும் முடியாது, பிள்ளைகளுக்குத்தான் போகும். மனுவை விசாரிக்கும் கிராம சபைக்கு வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருந்தாக வேண்டும். சமவெளியில் நம்மில் எத்தனை பேர் பெயர் வீட்டுப் பத்திரத்தில் இருக்கிறது, சொல்லுங்கள்! ஆனால் நீதிமன்ற உத்தரவால் தமிழ்நாட்டில் 2008 முதல் 2016 வரை உரிமைப் பத்திரம் கொடுப்பது முடங்கிக் கிடந்தது. எட்டு வருஷம்! பால்குடிக் குழந்தை பள்ளிக்கூடம் போகிற வயசு.

கடுக்காய் வாங்கும்போது பூச்சி துளைக்காததாக, கனமானதாகப் பொறுக்குங்கள். உடைத்துக் கொட்டையை எறிந்துவிட்டுத் தோலை மட்டும் இடிக்க வேண்டும். கர்ப்பிணிகள் மட்டும் தொட வேண்டாம்.