பிள்ளைகளோடு உழைத்த தகப்பன்



சில ஆண்டுகளுக்கு முன்பு தாராவியில் ஒரு பெரியவருடைய அடக்க ஆராதனையை நடத்த வேண்டியதாயிற்று. திருநெல்வேலிச் சீமையிலிருந்து இளவயதில் மும்பைக்கு வந்து, நாற்பது ஆண்டுகள் உழைத்து, மூன்று குமாரரைப் படிக்கவைத்து ஆளாக்கியவர் அவர். தகப்பனாரைக் குறித்துச் சில வார்த்தைகள் சொல்லும்படி மூத்த மகனைக் கேட்டுக்கொண்டேன். அவர் எழுந்து நின்று, "அப்பா எங்களுக்காக ரொம்பக் கஷ்டப்பட்டாங்க" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் அமர்ந்துவிட்டார். துக்கத்தினால் பேச முடியவில்லை என்றே எண்ணினேன். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும் வழியில் அவரே என்னிடம் வந்தார். "ஐயா, அப்பா அங்கே என்ன வேலை பார்த்தாங்கன்னுகூட எங்களுக்குச் சரியாத் தெரியாது. விடியுமுன்னே போவாங்க, நாங்க தூங்கின பிறகு வருவாங்க" என்று சொல்லிக் கண்ணீர் விட்டார்.

அந்த வார்த்தை வெகுநாள் என் உள்ளத்தை உறுத்திக்கொண்டிருந்தது. அந்தத் தகப்பன் அன்பில் குறைந்தவர் அல்லர். ஆனால், அவருடைய உழைப்பின் பலனை மட்டுமே பிள்ளைகள் கண்டார்கள், உழைப்பைக் காணவில்லை. அவர் மண்ணுக்குள் போனபோது அவர் அறிந்திருந்தவையும் அவரோடேகூடப் போய்விட்டன. மும்பை, பெங்களூரு, டெல்லி என்று பல பட்டணங்களில் பிழைக்க வந்திருக்கும் நம்மில் எத்தனை வீடுகளின் கதை இது!

இதற்கு மாறாக வாழ்ந்த ஒரு குடும்பத் தலைவரைக் குறித்து இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர். தமிழிசை ஆராய்ச்சியாளராகவே நம்மில் பலர் அவரை அறிந்திருக்கிறோம். அவர் ஒரு தகப்பனாக எப்படி வாழ்ந்தார் என்பதையே இங்கு நாம் கவனிக்கப்போகிறோம்.

ஊர் விட்டு வந்தவர்

ஆபிரகாம் பண்டிதர் 1859-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் தேதி, இன்றைய தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்த சாம்பவர் வடகரையில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். நம்மைப் போலவே அவரும் பிறந்த ஊரை விட்டுப் புறப்பட்டவர். ஆசிரியர் பயிற்சிக்காகத் திண்டுக்கல்லுக்குச் சென்றார். அங்கேயே சடையாண்டிப் பத்தர் என்பவரிடம் வயலின் கற்றார். மூலிகைகளின் மேல் கொண்ட நாட்டம் அவரைச் சுருளிமலைக்கு நடத்திற்று. அங்கே கருணானந்தர் என்னும் முனிவரிடம் சித்த மருத்துவ அறிவைப் பெற்றார்.

1882-ஆம் ஆண்டு ஞானவடிவு பொன்னம்மாளை மணந்து, பின்பு தஞ்சாவூரில் குடியேறினார். கணவனும் மனைவியும் அவ்வூரிலே ஒரே பெண்கள் பள்ளியில் ஆசிரியப் பணி செய்தார்கள். ஒரு பெண் வீட்டு வாசலைத் தாண்டி வேலைக்குச் செல்வது அரிதாயிருந்த காலம் அது. பண்டிதரின் பெயரால் இன்று நாம் நினைவுகூரும் குடும்பம், அந்த இருவருடைய உழைப்பின்மேல் எழுந்தது என்பதை மறவாதிருப்போமாக.

நாளடைவில் அவர் ஆசிரியப் பணியை விட்டு, முழுநேரமும் மருத்துவத்தில் ஈடுபட்டார். கருணாநிதி வைத்தியசாலை என்ற பெயர் தூர இடங்களிலும் பரவியது. மூலிகைகளை வளர்ப்பதற்காகத் தஞ்சைக்கு வெளியே நிலம் வாங்கி, அதற்குக் கருணானந்தபுரம் என்று பெயரிட்டார். மக்கள் அதைப் பண்டிதர் தோட்டம் என்றே அழைத்தார்கள். 1909-ஆம் ஆண்டு அரசாங்கம் அவருக்கு ராவ் சாகிப் பட்டம் அளித்தது.

இங்கே ஒரு காரியத்தைச் சொல்லாமல் கடந்துபோக மனமில்லை. வைத்தியசாலை, தோட்டம், பின்னால் எழுதிய நூல்கள் ஆகிய எல்லாவற்றின் பெயரிலும் 'கருணை' என்னும் சொல் இருக்கிறது. தமக்குக் கற்பித்த கருணானந்தரை அவர் மறக்கவில்லை. அந்த ஆசான் தம்முடைய விசுவாசத்தைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் பெற்ற நன்மையை மறைத்து அவர் பெருமை தேடவில்லை. ஊரில் நமக்குத் தொழில் கற்றுத் தந்தவர்களின் பெயரை நம் பிள்ளைகளிடம் நாம் சொல்லியிருக்கிறோமா?

வீடே வேலைக்களம்

மருத்துவத்தினால் வந்த செல்வத்தை அவர் பெட்டியில் பூட்டிவைக்கவில்லை. தமிழருடைய பழைய இசையின் இலக்கணம் என்ன என்னும் கேள்வி அவரை விடாமல் பற்றிக்கொண்டது. 1912-ஆம் ஆண்டு தஞ்சாவூரில் சங்கீத வித்தியா மகாஜன சங்கம் என்னும் அமைப்பை நிறுவினார். இசை வல்லுநர்களை வரவழைத்து, தம்முடைய சொந்தச் செலவிலே பல மாநாடுகளை நடத்தினார். இதற்கு முந்தின ஆண்டிலேதான் அவருடைய மனைவி பொன்னம்மாள் மரித்திருந்தார். துக்கம் நிறைந்த அந்த வீடு, அடுத்த ஆண்டே விருந்தினருக்குத் தன் கதவைத் திறந்தது.

இசை கற்கும் தமிழ்ப் பிள்ளைகள் பொருள் விளங்காத பிறமொழிப் பாட்டுகளையே பாட வேண்டியிருந்த நாட்களில், அவர் தமிழிலே கீதங்களும் கீர்த்தனைகளும் இயற்றினார். அவற்றுள் தேவனைத் துதிக்கும் பாடல்கள் பல உண்டு. அவை 'கருணாமிர்த சாகரத் திரட்டு' என்ற பெயரில் 1907-ஆம் ஆண்டு நூலாயின. தம்முடைய வீட்டுப் பிள்ளைகளையும் அவர் இசையிலே பயிற்றுவித்தார். தகப்பனுடைய ஆராய்ச்சி ஓர் அறைக்குள், மற்றவர்கள் அரவம் காட்டாமல் ஒதுங்கிப் போகும்படி நடந்த ஒன்றன்று. பிள்ளைகள் பாடினார்கள், வீணை வாசித்தார்கள், தகப்பன் கண்டதைத் தங்கள் குரலிலும் விரலிலும் சோதித்துப் பார்த்தார்கள்.

பரோடா மேடையில்

1916-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட்டின் ஆதரவில், முதலாவது அகில இந்திய இசை மாநாடு கூடியது. ஒரு ஸ்தாயியில் 22 சுருதிகள் உண்டு என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டு வந்த கருத்து. அப்படியல்ல, 24 என்பதே சரி என்பது பண்டிதரின் முடிவு. அதை நாட்டின் பெரிய வித்துவான்களுக்கு முன்பாக எடுத்துரைக்க அவர் தஞ்சையிலிருந்து அத்தனை தூரம் பயணம் செய்தார்.

தனியே போகவில்லை. தம் குமாரத்தி மரகதவல்லி முதலான வீட்டுப் பெண்களையும் உடன் அழைத்துச் சென்றார். தகப்பன் கணக்கைச் சொல்ல, அவர்கள் பாடியும் வாசித்தும் காட்டினார்கள். குடும்பப் பெண்கள் சபையேறிப் பாடுவதை உலகம் ஏளனமாகப் பார்த்த நாட்கள் அவை என்பதை நினைவில் வையுங்கள். ஊரார் என்ன சொல்வார்களோ என்று அஞ்சியிருந்தால் அவர் மகளை வீட்டிலேயே விட்டுச் சென்றிருப்பார்.

அவர் சொன்னதை எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்வதற்கில்லை. சுருதிக் கணக்கைப் பற்றிய வாதம் அன்றோடு முடிந்துவிடவும் இல்லை. அடுத்த ஆண்டாகிய 1917-இல், ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலைத் தம்முடைய அச்சுக்கூடத்திலேயே அச்சிட்டு வெளியிட்டார். 1919-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் தேதி, அறுபதாம் வயதில் உலகை விட்டுக் கடந்துபோனார். நூலின் இரண்டாம் பாகம் அப்போது வெளிவந்திருக்கவில்லை.

அவருக்குப் பின்

அன்பானவர்களே, ஒரு தகப்பனுடைய வாழ்வை அவருடைய மரண நாளில் முழுவதும் அளந்துவிட முடியாது. பண்டிதர் மறைந்து 27 ஆண்டுகள் சென்றபின், 1946-ஆம் ஆண்டு, கருணாமிர்த சாகரத்தின் இரண்டாம் பாகம் வெளியாயிற்று. அதை வெளிக்கொணர்ந்தவர் மரகதவல்லி துரைபாண்டியன். பரோடாவில் தகப்பனின் அருகே நின்று பாடிய அதே மகள்! குமாரன் வரகுண பாண்டியன் பழந்தமிழரின் யாழைக் குறித்து ஆராய்ந்து, 'பாணர் கைவழி' என்னும் நூலை 1950-ஆம் ஆண்டு வெளியிட்டார்.

இருபத்தேழு ஆண்டுகள் என்பது எவ்வளவு நீண்ட காலம்! தகப்பன் விட்டுச்சென்ற கையெழுத்துத் தாள்களைப் பரணில் போட்டு, கரையானுக்குக் கொடுத்த வீடுகள் எத்தனையோ. அந்தத் தாள்களில் என்ன இருக்கிறது என்று அறிந்த பிள்ளைகள் இருந்தபடியால் அல்லவா இந்த வீட்டில் வேலை தொடர்ந்தது? நிலமும் பொருளும் எழுதிக் கொடுத்தால் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும். ஒரு மனிதன் எதற்காக வாழ்ந்தான் என்பதை எழுதிக் கொடுக்க முடியாது. கூட இருந்து பார்த்தவர்களுக்கே அது போய்ச் சேரும். உபாகமம் 6-ஆம் அதிகாரத்தில், வீட்டில் உட்காரும்போதும் வழியில் நடக்கும்போதும் பிள்ளைகளோடு பேசும்படி கர்த்தர் கட்டளையிட்டிருப்பதும் இதனால்தானே.

நம் வீடுகளில்

"பாஸ்டர், பண்டிதருக்குத் தோட்டமும் அச்சுக்கூடமும் இருந்தன. பத்துக்குப் பத்து அறையில் குடியிருந்து, இரண்டு ரயில் மாறி வேலைக்குப் போகிற நான் என்ன செய்ய முடியும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். விடுமுறை நாளொன்றில் பிள்ளையை அழைத்துச் சென்று, நீங்கள் வேலை செய்யும் இடத்தை வெளியிலிருந்தாவது காட்டுங்கள். தோல் தைப்பவரானால் ஊசி பிடிக்கும் விதத்தைச் சொல்லிக் கொடுங்கள். இட்லி வியாபாரம் செய்பவரானால் மாவின் பதத்தைப் பிள்ளை கையால் தொட்டுப் பார்க்கட்டும். பக்கத்து வீட்டாருக்கு ரேஷன் அட்டைக்கு மனு எழுதிக் கொடுக்கப் போனால் மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். மகள் என்பதற்காக விட்டுச் செல்லாதிருங்கள்.

இதை எழுதும் நானும் குற்றமற்றவன் அல்லன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக வியாதியஸ்தரைச் சந்திக்க மருத்துவமனைகளுக்குச் சென்றுவருகிறேன். ஒரு நாளும் என் பிள்ளைகளை அழைத்துச் சென்றதில்லை. "அப்பா ஊழியத்துக்குப் போயிருக்கிறார்" என்பது மட்டுமே அவர்களுக்குத் தெரியும். அந்த அடக்க ஆராதனைக்குப் பிறகு, ஒரு சனிக்கிழமை மாலை, என் இளைய மகளை உடன் அழைத்துச் சென்றேன். ஊரில் உறவினர் எவருமில்லாத ஒரு முதியவரின் கட்டிலருகே அவள் அமைதியாக நின்றிருந்தாள். நான் ஜெபித்து முடித்ததும், யாரும் சொல்லாமலே, அவர் கைக்கு எட்டாமல் இருந்த தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து அருகில் வைத்தாள். இத்தனை ஆண்டுகளில் நான் ஜெபித்தேனே அன்றி, தண்ணீர் எட்டுகிறதா என்று பார்த்ததில்லை.

திரும்பும் ரயிலில், "அடுத்த சனிக்கிழமையும் போவோமாப்பா?" என்று கேட்டாள். போனோம். இன்னும் போய்க்கொண்டிருக்கிறோம்.