வேற்றுக் கம்பனி லென்ஸ்: பெயரைப் பார்த்தா வாங்குவது?

"சிக்மா நல்லதா?", "டம்ரோன் வாங்கலாமா?" எல்லயில் கமராவும் லென்ஸும் வாடகைக்குக் கொடுத்து வரும் என்னிடம், ஸ்டூடியோ நடத்தும் சகோதரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இவை. ஒன்பது வளைவுப் பாலத்தின் முன்னால் நின்று படமெடுக்கத் தூர இடங்களிலிருந்து மணமக்கள் வருகிறார்கள். படம் பழுதானால் அவர்களைத் திரும்ப மலைக்கு அழைக்க முடியாது. எனவே லென்ஸ் என்பது எங்கள் தொழிலின் முதல்.

கெனன், நிக்கோன் போன்ற கமராக்களுக்குப் பிற கம்பனிகள் செய்யும் லென்ஸ்களில் பல விலை குறைந்தவை. அதனால் தரமும் குறைவு என்று எண்ணிவிடக் கூடாது. டம்ரோன் 1950 இலும் சிக்மா 1961 இலும் ஜப்பானில் ஆரம்பமானவை. 2012 இல் வந்த சிக்மாவின் 'ஆர்ட்' வரிசையில் சில லென்ஸ்கள், கமராக் கம்பனிகளின் சொந்த லென்ஸ்களுக்கே ஈடுகொடுத்தன.

ஆனால் ஒரே மாடலில் இரண்டு லென்ஸ்கள் ஒரே மாதிரி இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. நான் ஒரே நாளில் வாங்கிய இரண்டில் ஒன்று நான்கு மூலையும் தெளிவாக எடுத்தது. மற்றதில் வலப்பக்க மூலை மங்கல். உள்ளே ஒரு கண்ணாடி மையம் விலகியிருந்ததே காரணம். அதே வாரம் மாற்றிக்கொண்டேன். ஆகவே கம்பனியின் பெயரை அல்ல, கையிலிருக்கும் பொருளைச் சோதிக்க வேண்டும்.

சோதிப்பது எப்படி?

முதலில், கமராவை முக்காலியில் பூட்டி, செங்கல் சுவருக்கு நேரே வைத்து, லென்ஸின் துவாரத்தை முழுதாகத் திறந்து எடுங்கள். நான்கு மூலையும் சமமாக மங்கினால் அது பெரும்பாலும் அந்த மாடலின் இயல்பு. எஃப் 8 இல் தெளிந்துவிடும். ஒரு மூலை மட்டும் மங்கினால் வாங்க வேண்டாம்.

இரண்டாவது, உங்கள் சொந்தக் கமராவிலேயே பூட்டிப் பாருங்கள். கெனன் 1987 இல் கொண்டுவந்த ஈஎஃப் பூட்டுக்குப் பிற கம்பனிகள் அதன் இலத்திரனியல் முறையைத் தாமாகவே ஆராய்ந்துதான் லென்ஸ் செய்தன. அதனால் சிக்மாவின் பழைய லென்ஸ்கள் சில, பின்னால் வந்த கெனன் டிஜிட்டல் கமராக்களில் துவாரத்தைச் சுருக்கியதும் 'எரர்' காட்டும். முழுதாகத் திறந்து எடுத்தால் இந்தக் குறை வெளியே தெரியாது. எஃப் 8, எஃப் 11 இலும் எடுத்துப் பார்ப்பது அவசியம்.

மூன்றாவது, ஃபோகஸ். சாய்வாக வைத்த பத்திரிகையில் ஒரு வரியைக் குறிவைத்து எடுங்கள். முன் வரியோ பின் வரியோ தெளிவாக விழுந்தால் ஃபோகஸ் பிசகுகிறது. இது கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆர் கமராக்களில் அதிகம், மிரர்லெஸ்ஸில் குறைவு. சிக்மா, டம்ரோனின் புதிய லென்ஸ்கள் பலவற்றைக் கணினியில் இணைத்துத் திருத்தவும் முடியும்.

நான்காவது, பழைய லென்ஸ் என்றால் டோர்ச் அடித்து உட்புறம் பாருங்கள். நூல் வலைபோலத் தெரிவது பூஞ்சணம். எல்ல, பண்டாரவளைப் பகுதிப் பனிமூட்டமும் ஈரமும் அதற்கு ஏற்ற சூழல். கண்ணாடியின் மேற்பூச்சை அது அரித்துவிட்டால் துடைத்தும் பயனில்லை. காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வைப்பதே நல்ல பாதுகாப்பு.

இனி விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லென்ஸின் குறை முகப்பில் தெரியாது; விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாமல் போவது எளிது. பூஞ்சணம் இருந்தால் சொல்லி விலையைக் குறையுங்கள். சோதித்துப் பார்க்க ஒரு வாரமாவது தவணை கொடுங்கள். திரும்பி வரும் ஒரு லென்ஸால் ஏற்படும் நட்டம் சிறிது; திரும்பி வராத வாடிக்கையாளரால் ஏற்படும் நட்டமே பெரிது.