நோய் வருமுன் அட்டை வரட்டும்!

ஆத்தங்குடி பட்டறையில் கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமென்ட்டும் இட்டு நாள் முழுக்கப் பூக்கல் போடுகிறார் ஒரு தொழிலாளி. ஒருநாள் அவருக்கு நெஞ்சு வலிக்கிறது. வீட்டில் முதலில் தேடுவது எதை? பீரோவில் இருக்கும் தோட்டையும் சங்கிலியையும்தான். அப்படி ஆஸ்பத்திரிச் செலவுக்காக அடகுக்கடை ஏறிய நகை, பல வீடுகளில் திரும்பி வந்ததே இல்லை.

அதே வீட்டுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறும் தகுதி இருந்திருக்கலாம். அட்டை மட்டும் வாங்கியிருக்க மாட்டார்கள்.

தமிழ்நாட்டில் 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் இதோடு இணைந்தது. பிரீமியத்தை முழுக்க அரசே கட்டிவிடுகிறது. தொழிலாளி தன் கையிலிருந்து ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம்.

யாருக்குக் கிடைக்கும்?

குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முன்பு 72,000 ரூபாயாக இருந்த வரம்பு 2022-ல் உயர்த்தப்பட்டது. அப்போது “உங்களுக்கு வராது” என்று கேட்டுத் திரும்பியவர்கள், இப்போது மறுபடி கேட்டுப் பார்க்கலாம்.

கண்டாங்கிச் சேலை நெய்கிறவர், கொட்டான் முடைகிறவர், மெஸ்ஸில் இலை எடுக்கிறவர், சித்தாள், பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளைக் கூட்டிப் பெருக்குகிறவர் என்று செட்டிநாட்டில் தினக்கூலியை நம்பி வாழ்கிறவர்கள் ஏராளம். ஒரு நாள் கூலி 500 ரூபாய், மாதத்தில் 20 நாள் வேலை என்றால் ஆண்டுக்குச் சரியாக 1,20,000 ரூபாய். ஆகவே ‘தினமும் சம்பாதிக்கிறோமே, நமக்கு எங்கே கிடைக்கும்’ என்று தாங்களாகவே ஒதுங்கிவிட வேண்டாம். வேலை இல்லாத நாட்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டில் இரண்டு பேர் சம்பாதித்தால் இரண்டு வருமானமும் சேரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பேரேட்டில் பெயர் இருக்கிறதா?

நகரத்தார் கோயில் கணக்கில், கல்யாணமானதும் ஒரு புள்ளியாகப் பெயர் ஏறும். காப்பீட்டுக்கும் அப்படி ஒரு பேரேடு உண்டு. அதுதான் ரேஷன் கார்டு. அதில் பெயர் இல்லாதவருக்குக் காப்பீடும் இல்லை.

சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் வருகிறது. மருமகள் வீட்டுக்கு வந்து மூன்று வருஷம் ஆகியிருக்கும். பெயர் இன்னும் பிறந்த வீட்டுக் கார்டிலேயே இருக்கும். பேரனுக்கு ஐந்து வயதாகியும் பெயர் சேர்த்திருக்க மாட்டார்கள். முதலில் இதைச் சரிசெய்ய வேண்டும்.

பிறகு கிராம நிர்வாக அலுவலர் அல்லது வருவாய்த் துறையிடம் வருமானச் சான்று வாங்க வேண்டும். அதோடு ரேஷன் கார்டு, ஆதார் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். காரைக்குடிக்காரர்களுக்கு இது சிவகங்கைப் பயணம். பஸ்ஸிலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அன்றைய கூலியும் போகும். ஒரு காகிதம் குறைந்தால் இன்னொரு நாள் கூலியும் போகும். அதனால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில், என்னென்ன கொண்டுவர வேண்டும், யார் யார் நேரில் வர வேண்டும் என்று முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. பட்டறை முதலாளி, தன்னிடம் வேலை செய்கிறவர்களுக்குச் சம்பளத்தோடு ஒருநாள் விடுப்பு கொடுத்து ஒன்றாக அனுப்பிவைத்தால், அது தீபாவளி போனஸுக்குக் குறைந்ததல்ல.

எதற்குச் செல்லும்?

காய்ச்சலுக்கு ஊசி போட்டு மாத்திரை வாங்க இந்த அட்டை உதவாது. இதய அறுவை சிகிச்சை, புற்றுநோய், சிறுநீரகக் கோளாறு போன்று பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கே செல்லும். அரசு மருத்துவமனைகளோடு, திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும் பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். எல்லா தனியார் மருத்துவமனைகளும் இதில் இல்லை. அட்மிட் ஆகும் முன், “முதலமைச்சர் காப்பீடு இங்கே உண்டா, இந்தச் சிகிச்சை அதில் வருமா?” என்று கேட்டுவிட வேண்டும். முன் அனுமதி வாங்குவது மருத்துவமனையின் வேலை. திட்டத்தில் அடங்கிய சிகிச்சைக்கே பணம் கேட்டால், மேலே சொன்ன அதே எண்ணில் புகார் செய்யலாம்.

சாலை விபத்து என்றால் அட்டைக்காகக் காத்திருக்க வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், முதல் 48 மணி நேரச் சிகிச்சை அட்டை இல்லாதவர்களுக்கும் இலவசம்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடையிலோ மில்லிலோ மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குகிறவர்கள், தங்களுக்கு இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று கேட்க வேண்டும். தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் 0.75 சதவிகிதம், முதலாளியின் பங்கு 3.25 சதவிகிதம். சாதாரணக் காய்ச்சலுக்கும் அதில் வைத்தியம் உண்டு.

வீட்டில் ஒருவர் ஐ.சி.யூ.வில் கிடக்கும்போதுகூட அட்டைக்கு அலையலாம். ஆனால் ஒருவர் படுக்கையருகே நிற்க, இன்னொருவர் வருமானச் சான்றுக்கும் சிவகங்கைக்கும் ஓடுவது எவ்வளவு கொடுமை! எல்லோரும் நன்றாக இருக்கும் இந்த வாரத்திலேயே போய்விட்டு வரலாம். அதற்கு முன், இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ரேஷன் கார்டை எடுத்து, வீட்டில் இருக்கிற எல்லோர் பெயரும் அதில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.