சின்ன மூக்கு, பெரிய அடைப்பு

மார்கழி மழை பிடித்தால் பல்லேபொலப் பக்கத்து வீடுகளில் கைக்குழந்தையின் மூக்கு இரவெல்லாம் "கர்கர்" என்று சத்தமிடும். பெரியவர்களுக்கு வெறும் தடிமன். பிள்ளைக்கோ பால் குடிப்பதே போராட்டம். ஏன்?

முதல் சில மாதங்களில் குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும். குரல்வளை மேலே இருப்பதால், வாய் பால் உறிஞ்ச, மூக்கு காற்றை இழுக்கும். அந்த வழி அடைபட்டால் இரண்டு மிடறுக்கு ஒருதரம் முலையை விட்டு அழும். துவாரமோ மிகச் சிறியது. சீராகக் காற்றோடும் குழாயின் விட்டம் பாதியானால் தடை இரட்டிப்பதில்லை, 16 மடங்காகிறது! சளி கொஞ்சம்தான், சத்தம் பெரிது.

பாலூட்டுமுன் ஒவ்வொரு துவாரத்திலும் ஓரிரு துளி 0.9 சதவீத உப்புநீர் (மருந்தகத்துச் சேலைன்) விட்டால் சளி இளகும். பிறகு மெல்ல உறிஞ்சி எடுக்கலாம். அடிக்கடி உறிஞ்சினால் உள்தோல் வீங்கி அடைப்பு கூடும். எண்ணெய் விடுவது பாட்டிமார் பாசம்தான், ஆனால் அது நுரையீரலுக்குள் இறங்கினால் நியூமோனியா. கற்பூரத் தைலமும் சாம்பிராணிப் புகையும் வேண்டாம்.

தடிமன் இரண்டு வாரம்கூட இழுக்கும். ஆனால் நெஞ்சுக்குழி உள்வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தை நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு விட்டாலோ, மூன்று மாதத்துக்குள் 38 பாகை காய்ச்சல் கண்டாலோ, மருத்துவ மாது வரும் நாளுக்குக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.